குனிந்தால் முதுகில் ஏறும் ஆடுகள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் விலங்குக் காப்பகக் குழுத் தலைவர் அவர்களே, தங்கையைப் பறிகொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, சுருட்டிய யோகா பாயைத் தோளில் மாட்டியபடியே வந்திருக்கும் வகுப்பு மாணவர்களே, சாணம் அள்ளிய கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்திருக்கும் கொட்டகைத் தொழிலாளர்களே, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் யோகா ஸ்டுடியோ உரிமையாளர் அவர்களே! உங்களைக் கடைசியாக விளித்ததற்குக் காரணம் இருக்கிறது ஐயா. அவசரம் வேண்டாம், அதற்கு வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? இந்த ஊரே 'மூச்சு டீச்சர்' என்று கூப்பிட்ட ஒரு பெண்ணுக்காக. யோகா கற்றுத் தந்து, அந்த வருமானத்தில் அடிபட்ட கழுதைக்கும், கைவிடப்பட்ட பன்றிக்கும், கண் போன செம்மறிக்கும் தீவனம் போட்ட ஒரு தாய்க்காக. யாராவது கோபமாக வந்தால் 'மூச்சை விடுங்க'. அழுதுகொண்டு வந்தால் 'மூச்சை விடுங்க'. தண்ணீர் வரி கட்டச் சொல்லி வந்த அதிகாரியிடமும் 'முதல்ல மூச்சை விடுங்க சார்'. அப்படி ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொன்னவர், போன வாரம் தூக்கத்திலேயே தன் மூச்சை நிறுத்திக்கொண்டார். மாரடைப்பு என்றார் மருத்துவர். 'நல்லாப் பாத்தீங்களா?' என்று அவரையும் நான் இரண்டு முறை கேட்டேன். என் குணம் அது.

நான் கால்நடை மருத்துவர். என் நோயாளிக்குப் பேச்சு வராது. கூட வருகிற மனிதர்தான் பேசுவார். அவர் சொல்லும் முதல் வாக்கியம் என்ன தெரியுமா? 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்.' காலில் புழு நெளியும். நேற்று வரைக்கும் நன்றாக இருந்ததாம்! எலும்பு துருத்தும். நேற்று வரைக்கும் நன்றாகச் சாப்பிட்டதாம்! இப்படியே வேலை பார்த்துத் தலை நரைத்தவள் நான். வெளுத்ததெல்லாம் பால் என்று என்னால் நம்ப முடியாது. 'இந்தம்மா தன் நிழலையே சந்தேகப்படும்' என்று என் கிளினிக் கம்பவுண்டர் முதுகுக்குப் பின்னால் சொல்வார். சொல்லட்டும். என் நிழலும் சில நேரம் சரியில்லைதான்.

இன்றைக்கு எதற்காக இந்தப் பீடிகை? சற்று முன் இதே மைக்கில் ஸ்டுடியோ உரிமையாளர் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். 'டீச்சரோட கடைசி ஆசை, இந்தக் காப்பகத்த நான் எடுத்து நடத்தணும்ங்கிறதுதான்' என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டலாமா என்று கூட யோசிக்காமல் தட்டினீர்கள். காப்பகம் இருக்கும் நிலம் அண்ணன் பெயரில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் முடிவில் காப்பகத்தை யார் கையில் கொடுப்பது என்று அண்ணன் அறிவிக்கப் போகிறார். எனக்குப் பிறகு அவர்தான் பேசுகிறார். ஆகவே எனக்கு இருப்பது இந்தச் சில நிமிடங்கள்தான். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், அங்கே கொட்டகையில் இருக்கும் வாயில்லா ஜீவன்கள் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லக் கூடாது. சந்தேகிக்கிறேன்.

அன்பர்களே, டீச்சரையே முதலில் சந்தேகப்பட்டவள் நான்! பல வருடங்களுக்கு முன் ஒரு நொண்டிக் கழுதையை ஓட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். கட்டுப் போட்டு முடித்ததும் கேட்டார்: 'டாக்டரக்கா, இதுங்க பக்கத்துல ஆளுங்கள உக்கார வெச்சு யோகா சொல்லித் தரலாம்னு இருக்கேன். இதுங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு ஆகுமா?'

'ஏம்மா, சர்க்கஸ் நடத்தப் போறியா?' என்று கேட்டேன்.

'வந்து பாருங்களேன்' என்றார்.

போனேன். பார்க்கப் போகவில்லை, பிடிக்கப் போனேன். மாணவி மாதிரி ஒரு பாயை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னென்ன தேடினேன் தெரியுமா? மற்ற இடங்களில் ஒரு தந்திரம் செய்வார்கள். கையையும் முழங்காலையும் ஊன்றி ஆட்கள் குனிந்திருக்கும்போது முதுகில் கொஞ்சம் தானியத்தைத் தூவுவார்கள். குட்டி ஏறும், எல்லோரும் 'ஐயோ, அழகு!' என்று படம் எடுப்பார்கள். அந்தத் தானியத்தைத் தேடினேன். கயிற்றுத் தடம் தேடினேன். குச்சி இருக்கிறதா என்று அவருடைய பைக்குள் கூட எட்டிப் பார்த்தேன். துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

வகுப்பு தொடங்கியது. ஒரு கிழப் பன்றி மெதுவாக நடந்து வந்து, இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறாரே வங்கி மேலாளர், அவருடைய பாயில் படுத்துக்கொண்டது. அவர் 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிட்டார். 'அது எந்திரிக்காது சார், நீங்க தரையில செய்ங்க' என்று பதில் வந்தது. முழு வகுப்பையும் மனிதர் வெறுந்தரையில் செய்தார். சிரிக்கிறீர்களா சார்? அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை! கண்ணை மூடி எல்லோரும் தியானத்தில் இருக்கும்போது கழுதை ஒரு சத்தம் விட்டதே, பின்பக்கமாக! அதற்கும் டீச்சர் அசையவில்லை. 'அதுவும் மூச்சுதான்' என்றார்.

ஒரு அம்மா கோபமாக எழுந்தார். 'ஆடு முதுகுல ஏறும்னு சொன்னாங்களே? இங்க எல்லாம் கிழடு கட்டையா இருக்கு!'

'ஏறணும்னு அதுக்குத் தோணினா ஏறும். இன்னிக்கு அதுக்கு மனசில்ல. நீங்க மூச்சை விடுங்க.'

அந்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வருமானம் போகிறதே என்று டீச்சர் கவலைப்பட்டாரா? இல்லை! அவர் கண் ஆட்டின் மேல் இருந்தது. கத்தல் கேட்டு அது பயந்துவிட்டதோ என்றுதான் பார்த்தார். அன்றைக்கு நான் வெறுங்கையோடு திரும்பினேன். சந்தேகப்பட்டதற்காக எனக்கு வெட்கமில்லை. சந்தேகத்துக்கு முன்னால் நின்று ஜெயித்தவரைத்தான் நான் தோழி என்று சொல்வேன். அதற்குப் பிறகு அந்தக் காப்பகத்துக்கு வாரம் தவறாமல் போய் வந்தேன்.

இப்போது ஸ்டுடியோவுக்கு வருகிறேன். நகரத்து மையத்தில், குளிர்சாதன அறையில், கண்ணாடிச் சுவருக்குள் வகுப்பு. கழுத்தில் ரிப்பன் கட்டிய ஆட்டுக்குட்டிகள். வாசலில் பெரிய எழுத்தில், 'வருமானத்தில் ஒரு பங்கு விலங்கு மீட்புக்கு'. மகிழ்ச்சி. நல்ல காரியம். நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். குட்டிகள் கொள்ளை அழகு. மறு வருடம் போனேன். குட்டிகள் கொள்ளை அழகு. அதற்கடுத்த வருடமும் போனேன். அதே உயரம், அதே எடை, அதே பால் பற்கள்!

சபையோரே, என் படிப்பில் ஆட்டுக்குட்டி வளரும் என்றுதான் சொல்லித் தந்தார்கள். ஐந்தாறு மாதத்தில் அது மனித முதுகில் நிற்க முடியாத எடைக்கு வந்துவிடும். கொம்பு முளைக்கும், ரிப்பனைத் தின்னும், கண்ணாடியை முட்டும். வளராத ஆட்டுக்குட்டியை மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் வளர்ந்தவை எங்கே? அங்கே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். 'அதெல்லாம் பண்ணைக்குப் போயிடும் மேடம்' என்றாள். எந்தப் பண்ணை? 'மேனேஜருக்குத்தான் தெரியும்.' மேலாளரைக் கேட்டேன். 'சாருக்குத்தான் தெரியும்.' சார் அன்றைக்கு ஊரில் இல்லை. நான் போகும்போதெல்லாம் ஊரில் இல்லை.

ஒரு நிமிடம். யாரோ என்னிடம் ஒரு சீட்டை நீட்டுகிறார்கள். 'நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவும்.' தலைவரே, இது நீங்கள் அனுப்பியதா? இல்லையா? பின்னே யார் அனுப்பியது? சரி, விடுங்கள். தலைவர் தலையாட்டுகிறார், தொடர்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பிருந்து நம் காப்பகத்துக்குப் புதிய ஆடுகள் வரத் தொடங்கின. 'எங்கம்மா கிடைச்சுது?' என்று கேட்டால், 'ரோட்டோரமாக்கா' என்பார் டீச்சர். ரோட்டோரத்து ஆடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆளைக் கண்டால் ஓடும், குளம்பு வளைந்து கிடக்கும், உடம்பெல்லாம் உண்ணி இருக்கும். இவை குளம்பு வெட்டி, உடம்பு பளபளவென்று வந்தன. வாயைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே வயது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிறகுதான் அது நடந்தது. நம் கொட்டகைக்காரர், அதோ தூணோரம் நிற்கிறாரே, அவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் குனிந்திருக்கிறார். புதிதாக வந்த கிடா ஒன்று ஓடி வந்து தொப்பென்று அவர் முதுகில் ஏறி நின்றுவிட்டது! கொழுத்த கிடா. மனிதர் தொட்டிக்குள் விழுந்து, இடுப்பு பிடித்து, இரண்டு நாள் படுக்கை. நான் போய் மூலையில் கையையும் முழங்காலையும் ஊன்றிப் பார்த்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? புதிய ஆடுகள் அத்தனையும் வரிசையாக என்னை நோக்கி வந்தன. பழைய ஆடுகள் ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சரிடம் நேராகக் கேட்டேன். 'இதுக்கு யாரு பழக்கினது?'

'தெருவுல கத்துக்கிட்டிருக்கும்க்கா.'

'தெருவுல எவன்மா முட்டி போட்டுக்கிட்டு நிக்கிறான், ஆடு ஏறட்டும்னு?'

சிரித்தார். 'மூச்சை விடுங்கக்கா' என்றார். 

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. டீச்சர் ரகசியமாகக் குட்டிகளை வைத்து வகுப்பு எடுக்கிறாரோ? தானியம் தூவுகிறாரோ? ஸ்டுடியோவின் பின்பக்கம் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பிறகு இன்னொருவரும் சொன்னார். கூட்டு வியாபாரமோ? இந்த மனுஷியும் கடைசியில் இவ்வளவுதானோ? இந்தக் கேள்வியோடுதான் அவருடைய உடலுக்கு முன்னால் நான் நின்றேன். இந்தக் கேள்வியோடுதான் இன்று இந்த மண்டபத்தின் படியேறினேன்.

படியில் வேன்காரர் உட்கார்ந்திருந்தார். காப்பகத்துக்கு விலங்குகளை ஏற்றி வருபவர். தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். 'என்னப்பா?' என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

'டாக்டரம்மா, இனிமே யாரு அந்தக் கேட்டுக்குப் போவா? மாசா மாசம் நானும் டீச்சரும் போவோம். பெருசாயிடுச்சுன்னு ஸ்டுடியோல கழிச்சு விடுறத, கறிக்கடை வண்டி வர்றதுக்குள்ள பின்பக்கத்துல நின்னு கெஞ்சி வாங்கிட்டு வருவாங்க. வெளிய சொல்லிடாதப்பா, சொன்னா அடுத்த தடவ கேட்டத் தொறக்க மாட்டானுங்கன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.'

'எல்லாத்தையும் குடுத்தாங்களா?'

'வேன்ல எடம் இருக்கிற வரைக்கும் ஏத்துவோம். மிச்சம் நின்னு பாக்கும். டீச்சர் வர்ற வழியெல்லாம் திரும்பிப் பாத்துக்கிட்டே வருவாங்க.'

கேட்டீர்களா? தங்கமே, இதைத்தான் ரோட்டோரம் என்றாயா? என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா அம்மா? எனக்குத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று. நான் நேராகப் போய்த் தெருவே கூடுகிற மாதிரி கத்தியிருப்பேன். கேட் மூடியிருக்கும். அடுத்த மாதத்து ஆடுகள் வண்டியில் போயிருக்கும். என் வாயிடமிருந்தும் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறாய்! என் மேல் உனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதே என்று கோபம் வருகிறது. அந்தக் கேட்டில் நானில்லாமல் நின்றிருக்கிறாயே என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் அன்பர்களே. தண்ணீர் கொடுங்கள்.

யாரோ சத்தம் போடுகிறீர்கள். 'ஆதாரம் இருக்கா?' ஸ்டுடியோ ஐயாதானா? நல்ல கேள்வி. வேன்காரர் சொல்வது மட்டும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். நான் யாரையும் ஒரு வாய்ச் சொல்லில் நம்புகிறவள் இல்லை. அதனால் எல்லோரும் தலையைத் தூக்கி எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். இந்தப் பேனர் ஸ்டுடியோவின் அன்பளிப்பு. 'டீச்சர் எங்களோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார் பாருங்கள்' என்று ஐயாவே சுட்டிக்காட்டிய படம். டீச்சர் ஆட்டுக்குட்டியைக் கொஞ்சுகிறாராம். குட்டியா அது? கொம்பைப் பாருங்கள். வளர்ந்த ஆடு. கொஞ்சுகிற முகமா அது? கழுத்து நரம்பு புடைக்கக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போகிற முகம். ஆட்டின் கழுத்தில் பாதி தின்ற ரிப்பன். இடது ஓரத்தில் ஒரு வண்டிக் கதவு தெரிகிறதா? பச்சைக் கதவு, கீழே நசுங்கிய கதவு. வெளியே போய் வேன்காரரின் வண்டியைப் பாருங்கள், அதே கதவு. ஸ்டுடியோவின் பின்பக்கக் கேட்டில் யாரோ எடுத்த படத்தை, அழகாக இருக்கிறதென்று, ஆளுயரத்துக்கு அடித்து ஐயாவே மாட்டியிருக்கிறார்!

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நேரில் பார்க்க இத்தனை வயதாயிற்று.

சரி, ஒருவேளை நான் தவறாக இருக்கலாம். மீதி ஆடுகள் எங்கேயோ பச்சைப் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கலாம். இருந்தால் நான் இதே மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு விலாசம். நான் கேட்டால் சந்தேகப் புத்தி என்பார்கள். அண்ணா, நிலம் உங்களுடையது. தங்கை உங்களுடையவர். நீங்கள் கேளுங்கள்.

மைக்கை அவர் பக்கம் திருப்புங்கள். ஆம் அண்ணா, சொல்லுங்கள். கேட்டதா எல்லோருக்கும்? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நான் திருப்பிச் சொல்கிறேன். 'தம்பி, போன வருஷத்துக் குட்டிங்க எங்கப்பா?' என்கிறார்.

ஐயா, பதில் சொல்லுங்கள். என்ன? 'நல்ல இடத்துக்குக் குடுத்தாச்சு.' எந்த இடம்? 'விசாரிச்சுச் சொல்றேன்.' யாரிடம் விசாரிப்பீர்கள்? உங்களுக்குத்தான் தெரியும் என்று உங்கள் மேலாளர் சொன்னாரே!

உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். எங்கே கிளம்புகிறீர்கள்? யாரும் அவரைத் தடுக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். டீச்சரின் கூட்டத்தில் யார் மேலும் கை படக் கூடாது. ஆனால் கொட்டகைக்காரரே, நீங்கள் கதவோரம் கொஞ்சம் நில்லுங்கள். சும்மா நில்லுங்கள்.

அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 'நான் இன்னிக்கு யாருக்கும் எதையும் குடுக்கல. என் தங்கச்சி இருந்த எடம் அப்படியே இருக்கட்டும்.' இப்போது தட்டுங்கள் கையை! இப்போது தட்டலாம்.

போதும். இன்னும் முடியவில்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன். டீச்சர் எதற்குப் பயந்தாரோ அதைச் செய்துவிட்டேன். இன்று மாலையே அந்தக் கேட் மூடும். பிறகு என்ன சாட்சி சொன்னாலும் உள்ளே இருக்கும் குட்டிகளுக்கு உதவாது. இப்போது அங்கே ஏழெட்டுக் குட்டிகள் இருப்பதாக வேன்காரர் சொல்கிறார். ரிப்பனோடு, பால் பல்லோடு, யாராவது குனிவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் குட்டிகள்.

மறைந்த நம் டீச்சர் அவர்களே, உங்கள் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதிமொழி எடுத்தோம். தலைவர் எடுத்தார், பொருளாளர் எடுத்தார், அதோ ஸ்டுடியோ ஐயாவும் எடுத்தார். நானும் எடுக்கிறேன். நாளைக் காலை வகுப்பு உண்டு. எனக்கு ஆசனம் போடத் தெரியாது, மூட்டு வலி வேறு. ஆனாலும் முன்னால் உட்கார்ந்து மூச்சை விடச் சொல்ல என்னால் முடியும். தெரிந்தவர்கள் வந்து மற்றதைச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பு நின்றால் தீவனம் நிற்கும். ஆகவே வகுப்பு நிற்காது. இனி அந்த ஆடுகளை யாரும் பின்வாசலில் கெஞ்சி வாங்கப் போவதில்லை. டீச்சர், நீங்கள் பின்வாசலில் கெஞ்சியதை நாங்கள் முன்வாசலில் நின்று கேட்போம். வெளியே சொல்லிவிட்டுக் கேட்போம்.

இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை வழியில் செலுத்துவோம். வேன் வாசலில் நிற்கிறது. வேனில் மனிதர்கள் ஏற வேண்டாம், குட்டிகளுக்கு இடம் வேண்டும். இந்த முறை ஒன்று கூட மிச்சம் நிற்கக் கூடாது. நாம் நடந்தே போகலாம், தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஸ்டுடியோ ஐயா, நீங்கள் எங்களோடு முன்னால் நடங்கள். சாவி உங்களிடம்தானே இருக்கிறது?